தன் மேசைக்கென்று எழுதிய நிரல்கள்

லினக்ஸ் கெர்னல், கிட், சப்சர்ஃபேஸ் ஆகிய மூன்று மென்பொருள்களையும் தொடங்கி வைத்தவர் ஒருவரே: பின்லாந்தில் பிறந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வாழும் லினஸ் டோர்வால்ட்ஸ். முதலாவது, இயங்குதளத்தின் உட்கரு; ஆண்ட்ராய்டு கைபேசி ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கிறது. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பர் தொடங்கி அதில்தான் ஓடுகின்றன. 2021இல் செவ்வாய்க் கோளில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரையும் அதுவே இயக்கியது. இரண்டாவது, நிரல் எழுதுவோரில் பெரும்பாலோர் அன்றாடம் தொடும் கருவி. மூன்றாவதைக் கடலில் முக்குளிப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். எந்த நிறுவனமும் சம்பளம் கொடுத்து இவற்றை எழுதச் சொல்லவில்லை. அந்தந்தக் காலத்தில் தன் மேசையில் இருந்த கணினியில் அவருக்கே ஒரு வசதி தேவைப்பட்டது, கடையில் கிடைத்தது போதவில்லை, உட்கார்ந்து எழுதினார், எழுதியதை மூலநிரலோடு வெளியிட்டார். திறந்த மூல மென்பொருள் என்ற பெரிய ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அவர் வைத்திருந்த கணினிகளையும் அவற்றில் எழுதிய நிரல்களையும் வரிசையாகப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை.

டோர்வால்ட்ஸ் 1969 டிசம்பர் 28 அன்று ஹெல்சிங்கியில், ஸ்வீடிஷ் மொழி பேசும் சிறுபான்மைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் இருவரும் பத்திரிகையாளர்கள். தாய்வழித் தாத்தா லியோ டோர்ன்க்விஸ்ட், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியர். விலைக் குறியீட்டெண் கணக்கிடும் முறை ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1981 வாக்கில் அவர் கமடோர் விக்-20 என்ற சிறு கணினியை வாங்கினார். தாத்தா தாளில் எழுதித் தரும் நிரல்களைப் பேரன் விசைப்பலகையில் அடிப்பான். அந்தக் கணினியின் நினைவகம் மொத்தமே 5 கிலோபைட். பேசிக் மொழியில் எழுதும் நிரலுக்கு மிஞ்சும் இடம் சுமார் மூன்றரை கிலோபைட். இந்தக் கட்டுரையின் இரண்டு பத்திகளைச் சேமித்தாலே நிறைந்துவிடும். அவ்வளவு குறுகிய இடத்தில் வேலை செய்தவனுக்குப் பேசிக் மொழி சீக்கிரமே போதாமல் போயிற்று. செயலிக்கு நேரடியாகக் கட்டளையிடும் இயந்திர மொழிக்குச் சிறுவயதிலேயே இறங்கிவிட்டான்.

அடுத்து வந்தது சின்க்ளேர் கியூஎல். பிரிட்டனில் தயாரான இந்தக் கணினியில் மோட்டரோலா 68008 செயலியும் 128 கிலோபைட் நினைவகமும் இருந்தன. ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டும் திறமையும் அதற்கு இருந்தது. அன்றைய வீட்டுக் கணினிகளில் இது அரிது. ஆனால் சந்தையில் அது தோற்றுப்போன கணினி. பின்லாந்தில் அதற்கென்று மென்பொருள் கிடைப்பது அபூர்வம். ஆகவே நிரல் எழுதத் தேவையான எடிட்டர், எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் அசெம்ப்ளர் ஆகிய இரண்டையுமே டோர்வால்ட்ஸ் தானே எழுதிக்கொண்டார். தனியாக வாங்கி இணைத்த ஃபிளாப்பி டிரைவின் இயக்கி நிரல் சரியில்லாததால் அதையும் திருத்தி எழுதினார். அந்த வேலையின்போது இயங்குதளத்திலேயே பிழைகள் இருப்பது தெரிந்தது. அந்த இயங்குதளமோ மாற்ற முடியாத ரோம் சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. பிழை எங்கே என்று தெரிகிறது, திருத்தவும் தெரிகிறது, ஆனால் கைவைக்க முடியவில்லை. அவருடைய பிற்காலப் பணிகள் எல்லாவற்றுக்கும் விதை விழுந்த இடம் இது என்று சொல்வது மிகையாகாது.

1988இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, இடையில் கட்டாய ராணுவப் பணியை முடித்துவிட்டு, 1990இல் மீண்டும் வகுப்புக்கு வந்தபோது யூனிக்ஸ் அறிமுகமாயிற்று. பல்கலைக்கழகம் வாங்கியிருந்த மைக்ரோவேக்ஸ் கணினியில் யூனிக்ஸின் ஒரு வகையான அல்ட்ரிக்ஸ் ஓடியது. நெதர்லாந்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் இயங்குதளங்களைப் பற்றி 1987இல் எழுதிய பாடநூலையும் அதே காலத்தில்தான் டோர்வால்ட்ஸ் படித்தார். சிறிய, ஒழுங்கான பாகங்களைச் சேர்த்து ஒரு பெரிய இயங்குதளத்தைக் கட்டலாம் என்ற யூனிக்ஸ் சிந்தனை அவரைப் பிடித்துக்கொண்டது. யூனிக்ஸ் ஓடும் பணிநிலையக் கணினியை ஒரு மாணவன் வாங்கி வீட்டில் வைப்பது அன்று நடவாத காரியம். ஆனால் இன்டெல் நிறுவனத்தின் 386 செயலி வந்துவிட்டிருந்தது. ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்தைத் தொடாமல் காக்கும் வசதி அதற்குள்ளேயே இருந்தது. யூனிக்ஸ் போன்ற இயங்குதளம் கேட்கும் அடிப்படையே அதுதான்.

1991 ஜனவரி 5 அன்று அப்படி ஒரு கணினியைத் தவணையில் வாங்கினார். பிரபல நிறுவனத்தின் முத்திரை இல்லாத, உதிரிப் பாகங்களால் கட்டிய பெட்டி: 33 மெகாஹெர்ட்ஸ் வேகம், 4 மெகாபைட் நினைவகம், 40 மெகாபைட் ஹார்ட் டிஸ்க். அதில் போட, டானன்பாம் தன் மாணவர்களுக்காக எழுதிய மினிக்ஸ் இயங்குதளத்துக்குச் சொல்லி வைத்தார். அது ஃபிளாப்பித் தட்டுகளில் வந்து சேரும்வரை புதுக் கணினியில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா விளையாடியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். மினிக்ஸ் கற்பிப்பதற்காகவே எளிமையாக வைக்கப்பட்ட ஒன்று. மூலநிரலைப் படிக்கலாம், ஆனால் திருத்திய முழுப் பிரதியை மற்றவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்க அன்றைய உரிமம் இடம் தரவில்லை. மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு பேச உதவும் டெர்மினல் நிரல்தான் டோர்வால்ட்ஸுக்கு மிகவும் வேண்டியிருந்தது. மினிக்ஸோடு வந்த டெர்மினல் அவருக்குத் திருப்தி தரவில்லை.

அந்த டெர்மினலைத் தானே எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸின் பிறப்பு. அதை மினிக்ஸின் மேல் ஓடும் நிரலாக எழுதாமல், எந்த இயங்குதளமும் இல்லாத வெறும் கணினியின் மேல் எழுதினார். 386 செயலி எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்வதும் நோக்கமாக இருந்தது. டெர்மினலுக்கு இரண்டு வேலைகள் உண்டு. விசைப்பலகையில் அடிப்பதை மோடத்துக்கு அனுப்ப வேண்டும். மோடத்திலிருந்து வருவதைத் திரையில் காட்ட வேண்டும். எது எப்போது வரும் என்று தெரியாது. ஒரே ஆள் இரண்டு அடுப்பைப் பார்த்துக்கொள்வதுபோல, ஒரே செயலி இரண்டுக்கும் இடையில் மாறி மாறி ஓட வேண்டும். இந்த மாற்றம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க, ஒரு வேலை ‘ஏ’ என்ற எழுத்தையும் மற்றது ‘பி’ என்ற எழுத்தையும் இடைவிடாமல் திரையில் எழுதும்படி வைத்தார். முதலில் ஏ எழுத்துகள் ஒரு வரிசை, பிறகு பி எழுத்துகள் ஒரு வரிசை, மறுபடி ஏ என்று திரை நிறைந்தது. ஓர் இயங்குதளத்தின் உயிர்நாடியான பணிமாற்றம் அந்த எழுத்து வரிசைகளாகத்தான் முதலில் கண்ணுக்குத் தெரிந்தது.

பல்கலைக்கழகக் கணினியிலிருந்து கோப்புகளை இறக்கினால் வீட்டில் சேமிக்க வேண்டும். அதற்கு ஹார்ட் டிஸ்க் இயக்கி வேண்டும். ஏற்கெனவே வட்டில் இருந்த மினிக்ஸ் கோப்புகளோடு ஒத்துப்போக மினிக்ஸ் கோப்பமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் எழுதிச் சேர்த்தபோது, டெர்மினல் நிரல் மெல்ல ஓர் இயங்குதளத்தின் உருவத்தை எடுத்துவிட்டிருந்தது. இந்தக் கட்டத்தில் நடந்த ஒரு விபத்து கதையின் போக்கையே மாற்றியது. மோடத்துக்குப் போக வேண்டிய தொலைபேசி டயல் கட்டளை, சாதனத்தின் பெயர் மாறிப்போனதால், ஹார்ட் டிஸ்கில் மினிக்ஸ் இருந்த பகுதியின்மேல் எழுதப்பட்டுவிட்டது. மினிக்ஸ் அழிந்தது. அதை மீண்டும் நிறுவலாம். அல்லது தன் நிரலை, மினிக்ஸ் இல்லாமலே வாழ முடிகிற அளவுக்கு வளர்க்கலாம். டோர்வால்ட்ஸ் இரண்டாவதைச் செய்தார்.

1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் பயனர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினார். 386 கணினிகளுக்கு இலவச இயங்குதளம் ஒன்றைப் பொழுதுபோக்காக எழுதிவருவதாகவும், அது பெரிதாக வளராது என்றும், தன்னிடம் இருக்கும் வகை ஹார்ட் டிஸ்கைத் தவிர வேறெதிலும் அநேகமாக ஒருபோதும் ஓடாது என்றும் அதில் சொல்லியிருந்தார். இதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் அன்றைய நிலவரத்தை அப்படியே சொன்ன வாக்கியம் அது. அவரிடம் ஒரு கணினிதான் இருந்தது. அதில் இல்லாத எதற்கும் நிரல் எழுதிச் சோதிக்க வழியில்லை. செப்டம்பர் 17 அன்று 0.01 பதிப்பு, பின்லாந்துப் பல்கலைக்கழகங்களின் பொதுக் கோப்புச் சேமிப்பகத்தில் ஏற்றப்பட்டது. சுமார் 10,000 வரிகள் கொண்ட நிரல். விசைப்பலகை அமைப்பும் பின்னிஷ் மொழிக்கானதாகவே இருந்தது. டோர்வால்ட்ஸ் அதற்கு ஃப்ரீக்ஸ் என்று பெயரிட நினைத்திருந்தார். சேமிப்பகத்தைக் கவனித்துவந்த ஆரி லெம்கேவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கோப்புறைக்கு லினக்ஸ் என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது.

தன் மேசைக்கு எழுதியது பிறர் மேசைக்குப் போனதும் என்ன நிகழ்கிறது என்பதற்கு அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் சமயத்து வேலை நல்ல எடுத்துக்காட்டு. ஜெர்மனியில் ஒரு பயனரின் கணினியில் 2 மெகாபைட் நினைவகமே இருந்தது. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைல் வேலையை அவரால் தன் கணினியில் செய்ய முடியவில்லை. கம்பைலருக்கு அந்த இடம் போதவில்லை. 4 மெகாபைட் வைத்திருந்த டோர்வால்ட்ஸுக்கு அந்தச் சிக்கலே கிடையாது. ஆனாலும் அந்த விடுமுறையில் உட்கார்ந்து, நினைவகம் நிறையும்போது அப்போதைக்குத் தேவைப்படாத பகுதியை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றிவைத்து, வேண்டும்போது திரும்பக் கொண்டுவரும் பேஜிங் வசதியை எழுதினார். மினிக்ஸில் அன்று அது கிடையாது. 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் இந்த வசதி இருந்தது. மினிக்ஸை விட்டுப் பலர் லினக்ஸுக்கு வந்தது இதற்குப் பிறகுதான். முன்பின் தெரியாத ஒருவரின் எளிய கணினிக்காகச் செய்த இந்த வேலை, லினக்ஸ் ஒரு மாணவனின் பயிற்சி என்ற நிலையைத் தாண்டிய இடம்.

அதே 0.12 பதிப்போடு உரிமமும் மாறியது. முதலில் அவரே எழுதிவைத்த உரிமம், லினக்ஸைப் பணத்துக்கு விற்கக் கூடாது என்றது. ஃபிளாப்பியில் நகலெடுத்துக் கொடுப்பவர் ஃபிளாப்பியின் விலையைக்கூட வாங்க முடியாத நிலை. ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய க்னூ திட்டத்தின் பொது உரிமத்துக்கு டோர்வால்ட்ஸ் மாறினார். யாரும் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். திருத்தி விநியோகித்தால் திருத்திய மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். இன்று நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் பொறியாளர்கள், வியாபாரத்தில் போட்டியாளர்களாக இருந்தாலும், ஒரே கெர்னலில் சேர்ந்து வேலை செய்ய இந்த ஒரு நிபந்தனைதான் அடித்தளம். லினக்ஸ் தொடர்பாக டோர்வால்ட்ஸ் எடுத்த முடிவுகளில் மிகப் பெரியது இதுவே. நிரலின் எந்த வரியும் இதற்கு ஈடாகாது.

1.0 பதிப்பு 1994 மார்ச் 14 அன்று வந்தபோது நிரல் 1,76,000 வரிகளைத் தாண்டியிருந்தது. அப்போதும் அது 386 வகைச் செயலிகளில் மட்டுமே ஓடியது. ஆல்ஃபா செயலி கொண்ட 64 பிட் கணினி ஒன்று டோர்வால்ட்ஸின் கைக்கு வர, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ஜான் ஹால் ஏற்பாடு செய்தார். முற்றிலும் வேறான செயலிக்கு நிரலை மாற்றும்போது, எது எல்லாக் கணினிக்கும் பொது, எது ஒரு செயலிக்கு மட்டும் உரியது என்று பிரித்து அடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிவினைதான் பிற்காலத்தில் கைபேசியிலிருந்து பெரும் சர்வர்வரை ஒரே கெர்னல் ஓட வழி செய்தது. அவருடைய முதுகலை ஆய்வேடும் லினக்ஸை வெவ்வேறு வகைக் கணினிகளில் ஓடச்செய்வதைப் பற்றியதே. 1997இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து டிரான்ஸ்மெட்டா என்ற செயலி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 2003 முதல் முழு நேரமும் லினக்ஸுக்கே. இன்று லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்று அழைக்கப்படும் அமைப்பு அவருக்கு ஊதியம் தருகிறது.

உலகெங்கும் இருந்து திருத்தங்கள் மின்னஞ்சலில் வந்து குவிந்தன. ஒவ்வொன்றையும் படித்து, மாற்றங்களை மட்டும் கொண்ட பேட்ச் கோப்பாக எடுத்து, தன் கணினியில் உள்ள நிரலில் சேர்ப்பார். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றைக் காக்க அன்று வழக்கத்தில் இருந்த சிவிஎஸ் போன்ற மென்பொருள்களை அவர் தொட மறுத்தார். மையத்தில் ஒரே பிரதியை வைத்து எல்லோரும் அதற்குள் எழுதும் முறை, ஆயிரம் பேர் வேலை செய்யும் கெர்னலுக்கு ஒத்துவராது என்பது அவர் கணிப்பு. 2002இல் லாரி மெக்வாய் உருவாக்கிய பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளை எடுத்துக்கொண்டார். கெர்னல் வேலைக்கு அது இலவசமாகத் தரப்பட்டது. மூலநிரல் பூட்டிய ஒரு கருவியில் திறந்த மூல உலகின் முக்கியத் திட்டம் நடப்பதா என்று பலர் எதிர்த்தார்கள். ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற நிரலாளர் அந்தக் கருவியின் உரையாடல் முறையை வெளியிலிருந்து ஆராய்ந்து தனி நிரல் எழுத முயன்றதைத் தொடர்ந்து, 2005 ஏப்ரலில் அந்த இலவச உரிமம் முடிவுக்கு வந்தது.

கெர்னல் வேலையை நிறுத்திவைத்துவிட்டு டோர்வால்ட்ஸ் தனக்கு வேண்டிய கருவியை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 3 அன்று தொடங்கிய வேலை, ஏப்ரல் 7 அன்று தன் சொந்த மூலநிரலின் வரலாற்றைத் தானே காக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் வரிகள் கொண்ட அந்த முதல் வடிவம்தான் கிட். ஒரு பேட்சைச் சேர்க்க மூன்று நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட அளவுகோல். வெளியிலிருந்து பார்க்க இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேட்சுகளைச் சேர்ப்பவருக்கு, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் பிடித்தால் நாள் முழுதும் காத்திருப்பிலேயே போய்விடும். அந்த மாதம் முடிவதற்குள் கிட் நொடிக்கு ஆறுக்கும் மேற்பட்ட பேட்சுகளைப் பதிந்துகொண்டிருந்தது.

கிட் வேலை செய்யும் விதம் எளிமையானது, அதனாலேயே உறுதியானது. ஒரு கோப்பைச் சேமிக்கும்போது அதன் உள்ளடக்கத்தைக் கணிதச் சூத்திரம் ஒன்றில் செலுத்தி, எண்களும் எழுத்துகளும் கலந்த 40 இலக்க அடையாளம் ஒன்றைப் பெறுகிறது. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அடையாளம் முழுவதும் வேறாகிவிடும். ஒரு கோப்புறை என்பது, அதிலுள்ள கோப்புகளின் பெயர்களும் அடையாளங்களும் அடங்கிய பட்டியல். அந்தப் பட்டியலுக்கும் தனி அடையாளம் உண்டு. ஒரு மாற்றத்தைப் பதியும்போது கோப்புறையின் அடையாளம், பதிந்தவர் பெயர், நேரம், அதற்கு முந்தைய பதிவின் அடையாளம் எல்லாம் சேர்ந்து மீண்டும் ஓர் அடையாளமாகின்றன. இப்படி ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தையதைச் சுட்டுவதால், ஐந்து ஆண்டுக்கு முந்தைய வரி ஒன்றை யாராவது மறைவாக மாற்றினால், அதற்குப் பிந்தைய எல்லா அடையாளங்களும் பொருந்தாமல் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். வரலாறு முழுவதும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கிறது. மையக் கணினி கட்டாயம் இல்லை. ஜூன் மத்தியில் கெர்னலின் 2.6.12 பதிப்பு கிட் வழியாகவே வெளிவந்தது.

அதற்கு அடுத்து அவர் செய்தது, கிட்டை எழுதியதற்குக் குறையாத மதிப்புள்ள காரியம். 2005 ஜூலை 26 அன்று கிட்டின் பராமரிப்பை ஜூனியோ ஹமானோ என்ற நிரலாளரிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் கெர்னல் வேலைக்குத் திரும்பினார். டிசம்பரில் கிட்டின் 1.0 பதிப்பை வெளியிட்டவர் ஹமானோ; அதன்பின் வந்த பல்லாண்டுகளிலும் அதை வளர்த்தவர் அவரே. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஏராளம். தான் தொடங்கியதை யார் நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று சில மாதங்களில் அடையாளம் கண்டு, முழுமையாக விட்டுக்கொடுப்பவர்கள் குறைவு. பராமரிக்க ஆள் இல்லாமல் காய்ந்துபோகும் திறந்த மூலத் திட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சிறு நிரல்களும் உண்டு. 2003இல் எழுதிய ஸ்பார்ஸ், சி மொழி நிரலைப் படித்து ஒரு குறிப்பிட்ட வகைப் பிழையைக் கண்டுபிடிக்கும். சாதாரணப் பயனரின் நிரல் தரும் நினைவக முகவரியைக் கெர்னல் சரிபார்க்காமல் பயன்படுத்திவிட்டால் பாதுகாப்பு ஓட்டை விழும். அந்த முகவரிகளைக் குறியிட்டுவைத்தால், தவறாகத் தொடும் இடத்தை ஸ்பார்ஸ் சுட்டிக்காட்டும். அதையும் பிறகு மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மைக்ரோ ஈமேக்ஸ் என்ற பழைய எடிட்டரை மாணவப் பருவத்தில் பழகிய அவர், அதன் தனிப் பிரதி ஒன்றை இன்றும் தனக்காகப் பராமரித்து, அதிலேயே எழுதுகிறார். பல மொழி எழுத்துகளைக் கையாளும் யூனிகோட் வசதியை அதில் அவரே சேர்த்தார். தையல் இயந்திரங்கள் போடும் எம்பிராய்டரி வடிவக் கோப்புகளைப் படமாக மாற்றிக் காட்டும் குட்டி நிரலும் அவர் எழுதியவற்றில் ஒன்று. இவற்றில் சிலவற்றின் பயனர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்தும் எல்லாம் மூலநிரலோடு பொதுவில் இருக்கின்றன.

சப்சர்ஃபேஸின் கதை தமிழில் அதிகம் சொல்லப்படாதது. 2011 ஆகஸ்டு கடைசியில், கெர்னலின் மூலநிரல் விநியோகமாகும் சர்வர்களுக்குள் யாரோ ஊடுருவியிருப்பது தெரியவந்தது. சர்வர்கள் மூடப்பட்டன. மூலநிரலில் ஏதாவது கலந்திருக்குமோ என்ற அச்சத்துக்கு கிட்டின் அடையாளச் சங்கிலியே பதில் சொல்லிவிட்டது: ஆயிரக்கணக்கானோர் கணினிகளில் முழு வரலாறும் இருக்க, மறைவாக ஒரு வரியை மாற்றிவிட்டுத் தப்ப முடியாது. ஆனால் வழக்கமான வேலை சில வாரங்கள் மந்தமாயிற்று. அந்த ஓய்வில் டோர்வால்ட்ஸ் தன் இன்னொரு ஈடுபாட்டின் பக்கம் திரும்பினார். அவர் ஸ்கூபா முக்குளிப்பவர். லினக்ஸ் கணினியில் முக்குளிப்புக் குறிப்பேடாகப் பயன்படுத்த அவருக்குப் பிடித்த மென்பொருள் எதுவும் இல்லை.

முக்குளிப்பவர்கள் மணிக்கட்டில் டைவ் கம்ப்யூட்டர் கட்டியிருப்பார்கள். அது சில நொடிக்கு ஒருமுறை ஆழத்தையும் நேரத்தையும் வெப்பநிலையையும் பதிந்துகொண்டே இருக்கும். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் அது குமிழிகளாகப் பிரிந்து உயிருக்கே ஆபத்தாகும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம், எங்கே நின்று நின்று மேலே வந்தோம் என்ற பதிவு அதனால் வெறும் நினைவுக்குறிப்பு அல்ல. டைவ் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் தன் தகவலை ஒவ்வொரு விதத்தில் வெளியிடும். அவற்றோடு பேச யெஃப் டிரீசன் எழுதிய திறந்த மூல நூலகம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதன்மேல் சி மொழியில் டோர்வால்ட்ஸ் எழுதியதே சப்சர்ஃபேஸ். ஒவ்வொரு முக்குளிப்பையும், நேரம் இடமிருந்து வலமாகவும் ஆழம் மேலிருந்து கீழாகவும் போகும் ஒரு கோட்டுப் படமாக அது வரைந்து காட்டும்.

2012இல் அதன் பராமரிப்பை நண்பரும் சக முக்குளிப்பாளருமான டர்க் ஹோண்டெல் ஏற்றுக்கொண்டார். ஜிடிகே என்ற திரைவடிவக் கருவியில் தொடங்கிய நிரல் கியூட்டிக்கு மாற்றி எழுதப்பட்டது. விண்டோஸ், மேக், கைபேசி என்று பரவியது. டோர்வால்ட்ஸ் பங்களிப்பாளராகத் தொடர்ந்தார். முக்குளிப்புக் குறிப்புகளைச் சேமிக்க கிட்டையே பயன்படுத்தும் வசதியை அவர் எழுதிச் சேர்த்தார். கெர்னல் வேலைக்காகப் பிறந்த கருவி, கடலுக்கடியில் கழித்த நிமிடங்களைக் காக்கும் பெட்டகமாகவும் ஆனது இப்படித்தான்.

இவ்வளவுக்கும் இன்று டோர்வால்ட்ஸ் கெர்னலில் சொந்தமாக எழுதும் நிரல் மிகக் குறைவு. ஏறக்குறைய 9 அல்லது 10 வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. அதில் முதல் இரண்டு வாரங்கள், துணைப் பராமரிப்பாளர்கள் சேர்த்துவைத்த மாற்றங்களை அவர் தன் பிரதியில் இணைக்கும் காலம். ஒரு தொகுப்பை இணைப்பார். முழுக் கெர்னலையும் கம்பைல் செய்து பார்ப்பார். பிழையில்லை என்றால் அடுத்த தொகுப்பு. கெர்னல் இப்போது ஏறத்தாழ நான்கு கோடி வரிகள். ஆகவே அவருடைய மேசைக் கணினியிடம் அவர் முக்கியமாக எதிர்பார்ப்பவை இரண்டு: கம்பைல் வேகமாக முடிய வேண்டும், விசிறிச் சத்தம் கேட்கக் கூடாது. 2016இல் வான்கூவரில் நடந்த டெட் நிகழ்ச்சியில் அவருடைய அறையின் படம் காட்டப்பட்டது. வெளிர்பச்சைச் சுவர், நடந்துகொண்டே வேலை செய்ய ஒரு டிரெட்மில் மேசை. அமைதிதான் அங்கே முக்கியம் என்றார்.

அவர் மேசைக் கணினிகளின் வரிசை, செயலித் துறையின் ஏற்ற இறக்கத்தையே காட்டுகிறது. 2005 வாக்கில் ஆப்பிளின் பவர்மேக் ஜி5 பெட்டியில் லினக்ஸ் போட்டு வேலை செய்தார். பிறகு சுமார் 15 ஆண்டுகள் இன்டெல். 2020 மே மாதத்தில் 32 கோர்கள் கொண்ட ஏஎம்டி திரெட்ரிப்பர் செயலிக்கு மாறியபோது, தன் சோதனைக் கம்பைல்கள் முன்பைவிட மூன்று மடங்கு வேகமாக முடிவதாக மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.

அந்தக் கணினி 2022 அக்டோபரில், இணைப்புக் காலத்தின் நடுவே, தடுமாறத் தொடங்கியது. கம்பைலர் காரணமின்றி நடுவில் நின்றது. ஒருமுறை தவறிய இடம் மறுமுறை சரியாக ஓடியது. புதிதாகச் சேர்த்த மாற்றங்களில் பிழையிருக்கும் என்றுதான் முதலில் சந்தேகம் விழுந்தது. கடைசியில் நினைவகப் பலகை ஒன்று பழுதாகியிருந்தது தெரிந்தது. நினைவகத்தில் ஒரு பிட் தானாக மாறிவிட்டால் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் இசிசி வகை நினைவகத்தைச் சாதாரணப் பயனர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று அவர் நெடுநாளாக வாதாடி வருபவர்; அந்தப் பெட்டியைக் கட்டிய சமயத்தில் அது கைக்குக் கிடைக்காததால் சாதாரண நினைவகத்தையே போட்டிருந்தார். புதியது வரும்வரை மடிக்கணினியிலேயே இணைப்பு வேலை நடந்தது. அவர் வாதம் முழுக்க நியாயமானது. நினைவகத்தின் தவறை மென்பொருளின் பிழை என்று எண்ணி நாள்கணக்கில் தேடியவர்கள் உலகில் ஏராளமாக இருப்பார்கள்.

மடிக்கணினி விஷயத்திலும் அவர் தேர்வு எடையும் சத்தமும் குறைந்ததாகவே இருக்கும். 2022 ஜூலை 31 அன்று கெர்னலின் 5.19 பதிப்பை, ஆப்பிளின் எம்2 என்ற ஆர்ம் வகைச் செயலி கொண்ட மேக்புக் ஏரிலிருந்து வெளியிட்டார். அந்தச் செயலிக்கான விவரங்களை ஆப்பிள் லினக்ஸுக்கென்று வெளியிடவில்லை. அசாஹி லினக்ஸ் என்ற குழு, வன்பொருள் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனித்துக் கவனித்தே இயக்கி நிரல்களை எழுதியிருந்தது. ஆர்ம் வகைச் செயலியில் ஓடும் கணினியைத் தானே கையில் வைத்துப் பயன்படுத்தினால்தான் அந்தப் பக்கம் வரும் பிழைகள் தன் கண்ணில் படும் என்பது டோர்வால்ட்ஸின் நெடுநாள் கருத்து. 2024இல் ஆம்பியர் நிறுவனத்தின் தயவில் பல கோர்கள் கொண்ட ஆர்ம் பணிநிலையமும் வந்தது. அதன்பிறகு ஆர்ம், இன்டெல்-ஏஎம்டி ஆகிய இரண்டு வகைச் செயலிகளுக்குமான கம்பைல்களையும் ஏறக்குறையச் சம அளவில் ஓட்டுகிறார். லினக்ஸ் விநியோகங்களில் எதை வைத்துக்கொள்வது என்பதில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. ஃபெடோரா என்ற விநியோகத்தை நிறுவிவிட்டு, அதிலுள்ள கெர்னலை மட்டும் தான் கம்பைல் செய்ததாக மாற்றிக்கொள்கிறார். உலகுக்குப் போகும் நிரல் முதலில் அவர் கணினியில் ஓடிப் பார்க்கிறது.

அண்மைக் காலத்தில் அவருடைய விடுமுறைகள் சாலிடரிங் கருவியோடு கழிகின்றன. கிடார் ஒலியை மாற்றும் பெடல் சாதனங்களை அவர் கட்டுகிறார். கிடார் வாசிப்பவர் அல்லர், அனலாக் மின்சுற்றுகளைக் கற்றுக்கொள்வதே நோக்கம். 2025 ஜனவரியில், பதிப்பு அறிவிப்பு ஒன்றினூடே, கெர்னல் நிரலாளர் ஒருவருக்குத் தன் கையால் கட்டிய பெடலை அனுப்பித் தருவதாகவும் எழுதினார். ஆயத்த உதிரிப் பாகத் தொகுப்புகளை வாங்கிக் கட்டியதில் தொடங்கி, பிறகு தானே சுற்றுகளை வடிவமைக்க இறங்கினார். அந்த வடிவமைப்புக் கோப்புகளும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு கிட் களஞ்சியத்தில் இருக்கின்றன.